பாத் நகரத்து ரோமானியர் குளியல்கூடம்: முழங்கால் வலிக்கிற அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாமரை (பீடோர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் படிப்பை முடிக்கிறான். வருகிற ஜூலையில் பட்டமளிப்பு விழா. நானும் அம்மாவும் போகிறோம். கடப்பிதழ், பிரிட்டனுக்குள் நுழைய எடுக்கிற இடிஏ அனுமதி எல்லாம் தயார். விழாவுக்கு மறுநாள் முழுக்க எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. பக்கத்தில் பாத் என்று ஒரு நகரம், அங்கே ரோமானியர் கட்டிய சுடுநீர்க் குளியல்கூடம் இருக்கிறது, பாட்டிக்குக் காட்டலாம் என்கிறான்.

அம்மா எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் பால்மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போட்டார், உதிரிப்பழம் பொறுக்கினார். முழங்கால் இரண்டும் தேய்ந்து போய்விட்டன. முடிகிறபோதெல்லாம் தம்பி அவரை சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குக் காடியில் அழைத்துப் போவான். சுடுதண்ணியில் காலை வைத்து உட்கார்ந்து, கூடையில் முட்டை அவித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு நன்றாக நடப்பார். அதனால் பாத் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: கால் நனைக்கலாமா?

முடியாது, பார்க்க மட்டும்தான் என்று மகன் சொல்லிவிட்டான். 'வெறும் கல்லைப் பார்க்கவா அவ்வளவு வெள்ளி கொடுத்துப் போகணும்?' என்கிறார் அம்மா. நேரில் போனவர்கள் சொல்லுங்கள். படி நிறைய இருக்கிறதா? எவ்வளவு நேரம் ஆகும்? வரலாறு படிக்காத ஒருவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கார்டிஃப் தம்பி

அக்கா, உங்கள் மகன் சொன்னது சரிதான். அந்தக் குளத்தில் விரலைக்கூட வைக்கக் கூடாது. தண்ணீர் சுத்திகரிக்கப்படாதது. முன்பு அங்கே நீந்த விட்டிருக்கிறார்கள். 1978 இல் அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, மூளையைத் தாக்கும் அமீபா கிருமியால் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். சும்மா சடங்குக்கு வைத்த தடை இல்லை, அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸிலிருந்து பாத் ஸ்பா ஸ்டேஷனுக்கு ரயிலில் ஏறக்குறைய கால் மணி நேரம். அங்கிருந்து குளியல்கூடத்துக்கு மெதுவாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நுழைவு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள். ஜூலையில் கூட்டம் அதிகம், அதனால் இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். வார நாள்களில் விலை குறைவு. காதில் வைத்துக் கேட்கிற விளக்கக் கருவி டிக்கெட்டோடு சேர்ந்தே வரும்.

தெருவிலிருந்து பல அடி கீழே இறங்க வேண்டும், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. பெரிய குளத்தைச் சுற்றியுள்ள கல்தரை மட்டும் மேடு பள்ளமாக இருக்கும், அங்கே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் அவசரப்படாமல் பார்க்கலாம்.

அதே ஊற்று நீரில் குளிக்க வேண்டுமென்றால் 2006 இல் திறந்த தெர்மே பாத் ஸ்பா சில தெரு தள்ளி இருக்கிறது. மொட்டைமாடியிலேயே வெந்நீர்க் குளம். ஆனால் நீச்சல் உடை கட்டாயம். அம்மா ஒத்துக்கொள்வார்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பழைய பாய்லர் (சிலிம் ரிவர்)

தங்கச்சி, நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் பிரிஸ்டலில் தாதியாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன குளிர்காலத்தில் பாத் போனோம். அவளும் மருமகனும் படம் பிடித்து முடித்து வெளியே போய் நின்றார்கள். நான் இன்னும் கீழேயே இருந்தேன். கிளம்பவே மனம் வரவில்லை. உங்கள் அம்மா அவசியம் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெறும் கல் என்று தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் படத்தை எடுத்தாலும் அந்தப் பச்சைக் குளமும் மேலே நிற்கிற சிலைகளும்தான் வரும். அந்தப் பச்சை ரோமானியர் காலத்தில் கிடையாது. அன்று கூரை இருந்தது. கூரை போனதால் வெயில் பட்டுப் பாசி பிடித்திருக்கிறது. மேல்தளமும் சிலைகளும் 1890களில் வைத்தவை, 1897 இல்தான் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தூண்களில் கூட அடிப்பகுதி மட்டும்தான் பழசு. அதனால் போனதும் மேலே பார்க்காதீர்கள். கீழே பாருங்கள், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே போங்கள்.

முதலில் ஊற்று. உள்ளே ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். 12 ஆம் நூற்றாண்டில் அதன் மேல் கிங்ஸ் பாத் என்று ஒரு குளத்தைக் கட்டியிருக்கிறார்கள், சுவரெல்லாம் செம்பழுப்புக் கறை. தண்ணீரில் இருக்கிற இரும்பின் கறை அது. குமிழி வந்துகொண்டே இருக்கும், கொதிக்கிற மாதிரித் தெரியும், ஆனால் கொதி இல்லை, அது வாயு. சூடு 46 டிகிரி. ஒரு நாளைக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் வருகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 13 லிட்டருக்கு மேல். எங்கள் ஆலையில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் அள்ளிப் போட்டு, இரவு ஷிஃப்ட்டில் கண் எரிய நின்று நீராவி எடுப்போம். இங்கே யாரும் ஒரு விறகும் வைக்கவில்லை. மெண்டிப் குன்றுகளில் எப்போதோ பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியாக இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, பாறைப் பிளவு கண்ட இடத்தில் மேலே வருகிறது. சுங்கை கிளாவிலும் பூமிச் சூடுதான் வேலை செய்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கு உடனே பிடிபடும்.

ஊற்று வருகிற இடம் சேறு. சேற்றில் கட்டடம் நிற்காது என்று தோட்டத்து வாய்க்கால் வெட்டியவனுக்குத் தெரியும். ரோமானியர் சுற்றிலும் ஓக் மரக் கழிகளை அடித்து இறக்கி நிலத்தை இறுக்கியிருக்கிறார்கள். பிறகு கல்லால் தொட்டி கட்டி, உள்ளே ஈயத் தகடு போட்டிருக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் நின்று போவதால் மணல் அடியில் தங்கிவிடும், தெளிந்தது மட்டும் குளத்துக்குப் போகும். மணல் சேர்ந்தால் மதகைத் திறந்து அடித்துக்கொண்டு போக விடுவார்கள். எங்கள் ஆலையிலும் குழாய்க்குள் மண் போகாமல் இருக்க இப்படித்தான் தொட்டி வைத்திருந்தோம். கிட்டத்தட்ட 1950 வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்தது மறுகால். தொட்டி நிரம்பி மிச்சத் தண்ணீர் ஒரு கல் வளைவுக்குக் கீழே கொட்டுகிற இடம். பலர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் அப்படிப் போகாதீர்கள். பக்கத்தில் போனதும் முகத்தில் சூடு அடிக்கும். ஆவியில் லேசாகத் துரு வாடை. தண்ணீர் வந்து விழுகிற கல்லெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மெழுகு பூசியது போல இருக்கும். சத்தம் ஒரே சீராக வரும். அன்று அவர்கள் கட்டிய வடிகால் வழியாகத்தான் அந்தத் தண்ணீர் இன்றைக்கும் ஏவன் ஆற்றுக்குப் போகிறது. நான் பார்த்த மெஷின்களில் எதுவும் இத்தனை காலம் ஓடியது கிடையாது. அம்மாவால் கால் நனைக்க முடியாது, சரி, ஆனால் இந்த இடத்தில் அந்தச் சூட்டை அவர் உடம்பில் உணர்வார். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

வடிகாலிலிருந்து கிடைத்த சாமான்களும் காட்சியில் இருக்கின்றன. மோதிரத்தில் பதித்த கற்கள், சின்னச் சின்ன உருவங்கள் செதுக்கியவை, மொத்தம் 34. வெந்நீரில் பசை இளகிக் கல் விழுந்து, அடித்துக்கொண்டு போய் வடிகாலில் சிக்கியிருக்கிறது. கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பாருங்கள், கடலைப் பருப்பு அளவுக் கல்லில் குதிரை, சாமி எல்லாம் செதுக்கியிருக்கிறான் ஒருத்தன். அதைத் தொலைத்தவர் குளித்து முடித்து வீட்டுக்குப் போய்த்தான் விரலைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பெரிய குளம். ஆழம் 1.6 மீட்டர், நாலு பக்கமும் படி. அடியில் 45 ஈயத் தகடுகள். ஈயம் பக்கத்து மெண்டிப் சுரங்கத்திலேயே எடுத்தது. நடைபாதைக் கல்லில் ஓரிடத்தில் பழைய ஈயக் குழாய் அப்படியே கிடக்கிறது. தகட்டை வளைத்து மேலே மடித்து ஒட்டியிருக்கிறார்கள், அந்த ஒட்டு இன்னும் தெரிகிறது. நான் குனிந்து பார்த்ததைப் பார்த்து ஒரு காவலர் வந்து, தொடாமல் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

அதே இடத்தில் ஒரு பெரிய கட்டி கிடக்கும். பார்க்க இடிந்த சுவர் மாதிரி. அது கூரையின் துண்டு. முதலில் மரக் கூரைதான் போட்டிருந்தார்கள். ஓயாமல் ஆவி அடித்தால் மரம் எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் 2 ஆம் நூற்றாண்டில் வளைவுக் கூரை மாற்றினார்கள். எடை குறைய வேண்டும் என்று உள்ளே வெற்றிடம் உள்ள ஓட்டுப் பெட்டிகளை அடுக்கிச் சாந்து பூசியிருக்கிறார்கள். அந்தத் துண்டின் பக்கவாட்டில் பார்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். புதுக் கூரையின் பாரத்துக்காகத் தூண்களையும் பெருக்க வைத்திருக்கிறார்கள். பழைய தூணின் அடி எது, பிறகு சேர்த்தது எது என்று கல்லிலேயே கோடு தெரிகிறது.

கிழக்கிலும் மேற்கிலும் வெப்ப அறைகள் இருக்கின்றன. அங்கேதான் என் வேலையைப் பார்த்தேன். தரைக்குக் கீழே செங்கல் வில்லைகளைத் தூண் தூணாக அடுக்கி, அதன் மேல் தளம். வெளியே அடுப்பு. சூட்டுக் காற்று தரைக்குக் கீழே பரவி, சுவருக்குள் பதித்த வெற்று ஓடுகள் வழியாக மேலே போகும். ஊற்று நீர் தானாகச் சூடாக வந்தாலும், வியர்க்க உட்காருகிற இந்த அறைகளுக்கு ஆள் வைத்து நெருப்பு போட்டே ஆக வேண்டும். அடிமைகள் செய்த வேலை. அடுப்பு வாயில் நின்றவனின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பகலெல்லாம் சாம்பல் அள்ளி, நெருப்பின் நிறம் பார்த்தே சூட்டை அளந்திருப்பான் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் அளந்தேன்.

ஆனால் ஒரு கல் கொத்தனின் பெயர் இருக்கிறது. பிரிஸ்கஸ். இன்றைய பிரான்சில் சார்த்ர் இருக்கிற பகுதியிலிருந்து வந்தவன். வேண்டுதல் நிறைவேறியதற்கு அம்மனுக்குக் கல் வைத்து, தான் கல்தச்சன், இன்ன ஊர்க்காரன், இன்னாருடைய மகன் என்று பொறித்திருக்கிறான். யூலியஸ் விட்டாலிஸ் என்று 20 ஆம் படைப்பிரிவின் ஆயுதத் தொழிலாளி ஒருவன், 29 வயதில் இறந்தவன், அவனுக்கு அவன் தொழில் சங்கத்துக்காரர்களே செலவு செய்து கல் நட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் உங்கள் மகனைப் படித்து அம்மாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கப்பலேறி வந்த தாத்தா பாட்டி எந்த ஊர் என்பதே நம்மில் பாதிப் பேருக்கு இன்று தெரியாது. தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்தை இடித்தபோது நம் ஆள்களின் பெயர் எழுதின ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. அதனால்தான் அந்தக் கல்லுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

தாமரை (பீடோர்)

அண்ணே, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை இன்று பசியாறும்போது அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். ரொட்டியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் நின்றவனைப் பற்றிப் படித்ததும் 'உங்கப்பாவும் புகைவீட்டில அப்படித்தான் நின்னாரு' என்றார். அப்பா ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டில் வேலை செய்தவர்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறார். அம்மனுக்குக் கல் வைத்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்த அம்மன்? குளியல்கூடத்தில் கோயில் எப்படி வந்தது?

தாப்பா டீச்சர்

தாமரை, இதற்கு நான் பதில் சொல்கிறேன் மா. ஓய்வுக்குப் பிறகு நானும் என் தங்கையும் போய் வந்தோம்.

அந்த அம்மன் பெயர் சூலிஸ். ரோமானியர் வருவதற்கு முன்பே அந்த ஊற்றில் குடியிருந்த தெய்வம். ரோமானியர் வந்து அவளை விரட்டவில்லை. தங்கள் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா என்று கும்பிட்டார்கள். ஊருக்கே அக்வே சூலிஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள். கி.பி. 60, 70 வாக்கில் கோயில் எழுந்தது, குளியல்கூடம் அதை ஒட்டியே வளர்ந்தது. ஆகவே குளியல்கூடத்துக்குள் கோயில் வரவில்லை, ஊற்றுதான் முதலில் சன்னதி. மரத்தடியில் வைத்த கல்லுக்குப் பிறகு கோபுரம் எழும்பிய தோட்டத்துக் கோயில்களைப் பார்த்த நமக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

அம்மனின் தலை மட்டும் கிடைத்திருக்கிறது. வெண்கலம், பொன் பூச்சு. 1727 இல் ஸ்டால் தெருவில் சாக்கடை தோண்டிய தொழிலாளர்கள் கண்டெடுத்தது. ஆறு தடவை பொன் பூசியிருக்கிறார்களாம், அத்தனை காலம் பூசையில் இருந்திருக்கிறாள். தலையில் இருந்த கவசம் காணாமல் போய்விட்டது. இருட்டு அறையில் அவள் முகத்துக்கு மட்டும் விளக்கு. உங்கள் அம்மா அங்கே கையெடுத்துக் கும்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் தங்கை கும்பிட்டாள்.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ஈயத் தகடுகளை. குளிக்கப் போன இடத்தில் துணியைத் திருடிவிடுவார்கள். பறிகொடுத்தவர் என்ன செய்வார்? மெல்லிய தகட்டில் அம்மனுக்கு முறையீடு எழுதி, மடித்து ஊற்றுக்குள் போட்டுவிடுவார். அப்படி ஏறக்குறைய 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலானவை 1979, 80 வாக்கில் பேரி கன்லிஃப் என்ற பேராசிரியர் நடத்திய அகழாய்வில். டோசிலியானஸ் என்று ஒருவன், தலையோடு சேர்த்துப் போர்த்துகிற மேலங்கியைத் தொலைத்தவன், எழுதியிருக்கிறான்: எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமை அல்லாதவனோ, அம்மா நீ அவனுக்குத் தூக்கம் கொடுக்காதே, பிள்ளை கொடுக்காதே, அங்கியை உன் கோயிலில் கொண்டுவந்து போடும் வரைக்கும் விடாதே என்று. கையுறை போனதற்கு ஒரு தகடு. சந்தேகப்பட்டவர்களின் பெயரை வரிசையாக எழுதியது ஒன்று. சிலர் யாரும் படித்துவிடாமல் எழுத்தைத் திருப்பிப் போட்டே எழுதியிருக்கிறார்கள்.

சங்கிலி தொலைந்தால் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவார்களே, உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கோபமும் அந்த நம்பிக்கையும் அப்படியே அந்தத் தகட்டில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் கசங்கின வெள்ளித்தாள் போலச் சின்னதாகக் கிடக்கும், எழுத்து கீறல் கீறலாக இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். பெரிய மன்னர்களைப் பற்றிப் பாடம் நடத்தியே காலம் கழித்தவள் நான். அங்கிக்காக அழுத ஒருவனின் கையெழுத்தைப் பார்த்தபோதுதான் அந்தக் காலத்து மனிதர் எனக்கு உயிரோடு தெரிந்தார்.

கார்டிஃப் தம்பி

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊற்றில் காசும் போட்டிருக்கிறார்கள், 12,000க்கு மேல் கிடைத்திருக்கிறது. கடைசியில் வெளியே வரும்போது சுத்திகரித்த ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக, இரும்புச் சுவையோடு இருக்கும். 43 தாதுக்கள் உண்டாம். பாட்டிக்குக் கால் நனைக்கக் கிடைக்காவிட்டாலும் ஒரு மிடறு வாயில் படும்.

தாமரை (பீடோர்)

காசு வெட்டிப் போடுகிற கதையைக் கேட்டதும் அம்மா முடிவு பண்ணிவிட்டார். போகிறோம். வார நாள்தான். காலையில் போவதா, சாயங்காலமா? அவருக்கு என்ன காலணி போடுவது? எப்போதும் சிலிப்பர்தான் போடுவார்.

பழைய பாய்லர் (சிலிம் ரிவர்)

காலையில் திறந்ததும் போகிற டிக்கெட்டை எடுங்கள், தங்கச்சி. கோடையில் இரவு வரை திறந்து வைத்துக் குளத்தைச் சுற்றிப் பந்தம் ஏற்றுவார்கள், பார்க்க அழகுதான். ஆனால் ஜூலையில் அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இருட்டுகிற வரை காத்திருக்க அம்மாவின் கால் தாங்காது. காலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தண்ணீருக்கு மேலே ஆவியும் நன்றாகத் தெரியும், கூட்டமும் குறைவு.

சிலிப்பர் வேண்டவே வேண்டாம். அந்தக் கல் ஈரத்தில் வழுக்கும். ரப்பர் அடி வைத்த, குதிகாலை மூடுகிற சப்பாத்து வாங்கி, இங்கேயே சில வாரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். சேலை கட்டுவதாக இருந்தால் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டட்டும். முதலில் லிஃப்டில் கீழே இறங்கி மறுகாலைப் பார்த்துவிடுங்கள், கால் வலி வருவதற்கு முன்னால். குளத்தோரம் உட்கார இடம் இருக்கிறது, அங்கே அவரை உட்கார வைத்துவிட்டு நீங்களும் மகனும் வெப்ப அறைகளைப் பார்த்து வரலாம். பிரிஸ்கஸின் கல் எங்கே என்று காவலரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள்.